டிராக்டர் முன் அச்சு புஷ் கிட்: ஐந்துக்கு மூன்றரை மார்க், அதுவும் ரீமர் கைவசம் இருந்தால்

பழைய மாஸே பெர்குசன் 135 டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. ஸ்டியரிங்கை நாம் ஒரு பக்கம் திருப்பிக்கொண்டிருப்போம், முன்சக்கரம் யோசித்து யோசித்துத் திரும்பும். 1964-இல் வர ஆரம்பித்த மாடல், என்னுடையது அதற்குச் சில வருடம் இளையது, ஆட்டம் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். முழு முன் அச்சையே மாற்று என்றார் ஒருவர், கிரீஸ் அடித்துக்கொண்டு அப்படியே ஓட்டு என்றார் இன்னொருவர். நான் வாங்கியது வெளி கம்பெனி கிட் ஒன்று: நான்கு புஷ் (கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டு, சுழல்வதற்கான பித்தளைக் குழாய்), பாரம் தாங்கும் இரண்டு த்ரஸ்ட் பேரிங், சீல்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள், நான் செய்யாமல் போய், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் நல்ல முனைகளைக் கழற்றி எறிந்தேன். அச்சுக்கு ஜாக்கி கொடுத்து, கட்டை வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், இன்னொருவரை கிங்பின்னையே பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் மட்டும் ஆடி கிங்பின் அசையாமல் நின்றால் அது ஹப் பேரிங், மூடியைத் திறந்து நட்டை அளவாக இறுக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கிங்பின்னும் சேர்ந்து ஆடினால்தான் இந்த கிட்டுக்கு வேலை.

சரி, கிட்டுக்கு வருவோம். புஷ்ஷின் வெளி அளவு கச்சிதம், நான்கும் அச்சில் நன்றாக இறுகி உட்கார்ந்தன. உட்கார்ந்த பிறகு உள் துளை சுருங்கும், அது எந்த புஷ்ஷுக்கும் உள்ள குணம், அதனால் ரீமர் (துளையை உள்ளே சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டே ஆக வேண்டும், மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் ஒரே நேர்கோட்டில். அட்டையில் "அப்படியே பொருத்தலாம்" என்று அச்சடித்திருந்ததை நம்பி கிங்பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கியிருந்தால் புஷ் அன்றைக்கே நாசம். ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில்: ஒரு புஷ்ஷில் கிரீஸ் துளையே போடவில்லை! தற்செயலாக கிரீஸ் அடிக்கும் நிப்பிள் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தபோது பித்தளைச் சுவர்தான் தெரிந்தது. நல்லவேளை, ரீமர் போடுவதற்கு முன்பே கண்ணில் பட்டதால் அங்கேயே துளைத்துக்கொண்டேன். கவனிக்காமல் பூட்டியிருந்தால் எத்தனை கிரீஸ் அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு போயிருக்காது. த்ரஸ்ட் பேரிங்குகளில் குறை இல்லை. சீல் ரப்பர் மட்டம், அதை வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: பழைய கிங்பின்னை வைத்துக்கொள்ளலாமா? விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். புஷ் உட்கார்ந்த இடத்தின் ஓரத்தில் நகம் தட்டினால் அங்கே படி விழுந்திருக்கிறது, அதன் மேல் புது புஷ் போடுவது வீண். வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து தருகிறேன் என்பார்கள். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் வண்டியின் முன்பாரம் முழுக்க தாங்கும் கம்பி அது. வெல்டிங் சூட்டில் உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது, லோடு வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். நான் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டேன்.

அச்சின் கண் விஷயத்தில் என் முடிவு நேரெதிர். இடது பக்கம் புஷ் உட்காரும் துளை லேசாக நீள்வட்டமாகியிருந்தது. அதைப் போரிங் போட்டுப் பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் (இரும்பு உறை) இறக்கினேன். அச்சு வளையவில்லை, விரிசல் இல்லை, பழைய இரும்பு கெட்டியாக இருக்கிறது, துளையில் ஒரு தேய்மானத்துக்காக முழு அச்சையும் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அச்சை வண்டியோடு சேர்க்கும் நடு பின் ஒரு பக்கமாகத்தான் தேய்ந்திருந்தது, அரைச் சுற்று திருப்பிப் போட்டேன். இது தற்காலிகத் தந்திரம்தான், ஆனால் அதை மாற்றுவது தனி வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கிளட்ச் மாதிரி வண்டியை இரண்டாகப் பிரித்தால்தான் கை எட்டும் இடமாக இருந்தால் நான் இப்படி யோசித்திருக்கவே மாட்டேன். அங்கே ரிலீஸ் பேரிங் நன்றாகச் சுற்றினாலும் பிளேட்டோடு சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம், மறுபடி யார் பிரிப்பது?

ஒரு உழவு சீசன் ஓட்டியாகிவிட்டது. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கிறது, முன் டயரின் ஓரத் தேய்மானமும் நின்றிருக்கிறது. இன்னும் விரல் கடை அளவு ஆட்டம் மிச்சம், அது ஸ்டியரிங் பாக்ஸுடையது, இந்த கிட் மேல் பழி போட முடியாது. அரை மார்க் சீலுக்காக, ஒரு மார்க் அந்தத் துளை இல்லாத புஷ்ஷுக்காகக் குறைத்திருக்கிறேன்.