சொந்த டொமைன், வேர்ட்பிரஸ் தளம்: சிறுதொழிலில் பல வருடம் பயன்படுத்திய பிறகு

சிறுதொழில் செய்பவரை இணையத்துக்கு அழைத்து வருகிறவர்கள் முதலில் திறந்து கொடுப்பது ஒரு சமூக வலைத்தளப் பக்கம். சட்டென்று வேலை முடிந்துவிடும், செலவும் கிடையாது. எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, அதன் வழியாக ஆட்கள் வரவும் செய்கிறார்கள். ஆனாலும் மரச்சாமான் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலுக்கு நின்று உழைப்பது சொந்த டொமைனும் (நம் பெயரில் பதிவு செய்த இணைய முகவரி), அதில் ஓடும் வேர்ட்பிரஸ் தளமும்தான்.

ஏன் சொந்தமாக வேண்டும்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேர்ந்து படுத்தன. ஆர்டர், விசாரணை எல்லாவற்றையும் அந்த மூன்றுக்குள்ளேயே வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு வேறு வாசலே இல்லை. இன்னொன்று, கூகுள், தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் தன் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்துவந்த ஒற்றைப்பக்கத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்தவர்கள் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் பின்னால் இருக்கும் தளத்தை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி அதேதான்.

இந்த ‘உங்கள் பெயரில்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தளம் செய்துகொடுக்கும் ஆளே டொமைனையும் தன் கணக்கில், தன் மெயிலில் பதிவு செய்துவிடுவது சர்வ சாதாரணம். தெரிந்த தையல்காரர் ஒருவர் அப்படித்தான் வந்து நின்றார்: “அண்ணா, பண்ணிக் கொடுத்த பையன் நம்பரை மாத்திட்டான், பாஸ்வேர்டும் தெரியாது.” பதிவேட்டில் உரிமையாளராக இருந்தது அந்தப் பையன். அவனைத் தேடிப் பிடித்து, டிரான்ஸ்ஃபர் கோடு வாங்கி மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காசு கொடுக்கும் முன்பே, டொமைன் விற்கும் பதிவு நிறுவனத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, செய்பவருக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள்.

டொமைனைக் கெடு முடியும் முன் புதுப்பிக்கும் ரினியூவல் அடுத்த தலைவலி. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதி ஆவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி இருக்கிறது. மெயில் வரும். எந்த முகவரிக்கு? பலர் அதே டொமைனில் உள்ள மெயிலையே தொடர்பு முகவரியாகக் கொடுத்திருப்பார்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், அதன்பின் வரும் எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாது. தொடர்புக்கு வேறொரு மெயிலைக் கொடுத்து, ஆட்டோ ரினியூவலையும் போட்டுவைத்தேன். அதன்பின் அந்தப் பக்கம் போகவே வேலையில்லை.

வேர்ட்பிரஸ் எப்படி? தளம் கட்டுவதற்கு 2003 முதல் இருக்கிற மென்பொருள், இலவசம், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை சர்வர்) பிடிக்கவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போகலாம். போயும் இருக்கிறோம். 2018 டிசம்பரில் 5.0 வந்தபோது எடிட்டரை அடியோடு மாற்றினார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது பழகிவிட்டது. கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்தான் இதன் பலமும் தொல்லையும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் தளம் ஊர்ந்து போகும், அப்டேட் செய்யாமல் கிடப்பது ஹேக் ஆகும். எங்களிடம் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாதம் ஒருமுறை தளத்தின் நகலான பேக்கப்பை ஹோஸ்டிங்குக்கு வெளியே இறக்கி வைப்பேன், அவ்வளவுதான் பராமரிப்பு. பிரவுசரில் பூட்டுக் குறி கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கட்டச் சொன்னால் கேட்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது, நல்ல ஹோஸ்டிங் என்றால் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

அதிகம் படுத்தியது தொடர்புப் படிவம். வாடிக்கையாளர் எழுதி அனுப்புவார், ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வரும், எங்களுக்கு ஒன்றும் வராது. வேர்ட்பிரஸ் சும்மா சர்வரிலிருந்து தூக்கிப் போடும் மெயிலை எதிர்ப்பக்கம் நம்புவதில்லை, ஸ்பேமில் தள்ளும் அல்லது விழுங்கிவிடும். முறையான மெயில் கணக்கு வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு, மெயில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைன் அமைப்பில் சேர்த்த பிறகுதான் ஒழுங்காக வரத் தொடங்கியது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடியாகிவிட்டன. மெயில் வசதி கொடுக்கும் நிறுவனமே அந்த வரிகளைத் தரும், ஒட்டினால் போதும்.

வடிவமைப்பில் நான் விடாமல் சண்டை போடும் விஷயம் ஒன்று உண்டு. விசிட்டிங் கார்டை அப்படியே படமாக்கி முகப்பில் மாட்டுவது. கண் தெரியாதவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் செயலியால் அந்தப் படத்துக்குள் இருக்கும் எண்ணை நம்பிப் படிக்க முடியாது, மற்றவருக்கும் எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகாது. வேலை நேரம், எண், முகவரி மூன்றும் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து போடும் தீம்களையும் (தளத்தின் தயார் வடிவமைப்புகள்) ஒதுக்குங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, எல்லோரும் படிக்கும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி சொல்கிறது. வயதான வாடிக்கையாளர்களும் வெயிலில் நின்று போனைப் பார்ப்பவர்களும் இதனால்தான் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

நிரந்தர வாடிக்கையாளரே போதும் என்பவருக்கும், பேக்கப் எடுக்கக்கூட நேரமில்லாதவருக்கும் வேர்ட்பிரஸ் தேவையில்லை. ஆனால் டொமைனை மட்டுமாவது இப்போதே பதிவு செய்துவிடலாம். தளம் தயாராகும் வரை அதைச் சமூக வலைத்தளப் பக்கத்துக்குத் திருப்பி விடும் வசதி பெரும்பாலான பதிவு நிறுவனங்களில் உண்டு. அச்சடிக்கும்போது டொமைனை அச்சடியுங்கள், அது எங்கே போய்த் திறக்கிறது என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.