23 வயதில் எங்கே போவது? ஒரு கலிசிய மிட்ஃபீல்டர் முன்னால் உள்ள வழிகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலிசியாவிலிருந்து வந்த மிட்ஃபீல்டர் என்றால் இப்போது பலருக்கும் காப்ரி வெய்காதான் நினைவுக்கு வருவார். இளஞ்சிவப்பு கிரானைட்டுக்குப் பேர்போன ஓ பொரின்யோ அவர் ஊர். செல்டா விகோ கிளப்பின் பி அணியில் (முதல் அணிக்குக் கீழே இளையவர்கள் ஆடும் இரண்டாம் அணி) வளர்ந்தார், 2022-23 லா லிகாவில் 11 கோல் போட்டார், அந்தக் கோடையிலேயே சவுதியின் அல் அஹ்லிக்குப் போய்விட்டார். நல்ல கதைதான். ஆனால் பி அணியில் ஆடும் பெரும்பாலானோருக்கு அது நடப்பதில்லை. அவர்கள் மூன்றாம், நான்காம் தட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடிப் பிழைக்கிறார்கள். இந்த அலசல் அவர்களுக்கானது.

முதலில் ஸ்பெயின் லீக் ஏணியைப் பார்த்துவிடலாம். உச்சியில் லா லிகா, அதற்குக் கீழே செகுண்டா. இந்த இரண்டு மட்டுமே சட்டப்படி தொழில்முறை லீக். 2021-இல் பழைய செகுண்டா பி-யைக் கலைத்துவிட்டு அதன் இடத்தில் பிரிமேரா ஃபெடரேசியோன் (40 அணிகள்), அதற்குக் கீழே செகுண்டா ஃபெடரேசியோன் (90 அணிகள்), அதற்கும் கீழே தெர்செரா என்று அடுக்கினார்கள். பிரிமேரா ஃபெடரேசியோனிலிருந்து ஒரு வருடத்துக்கு நான்கு அணிகள்தான் மேலே போகும். நாற்பதில் நான்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

கலிசியாவில் பிறந்த ஒரு ஹோல்டிங் மிட்ஃபீல்டர் (டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று காப்பவர்), வயது 22 என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: பெரிய கிளப்பின் பி அணியிலேயே நீடிப்பது, ஃபெரோல், பொன்டெவெட்ரா மாதிரி ஊர் கிளப்புக்குப் போவது, இல்லையென்றால் விமானம் ஏறுவது.

பி அணியின் கவர்ச்சி எல்லாருக்கும் தெரியும். நல்ல மைதானம், நல்ல மருத்துவர்கள், முதல் அணியின் அதே ஆட்ட முறை. செல்டாவின் பி அணி (2023 முதல் செல்டா ஃபோர்டூனா) பிரிமேரா ஃபெடரேசியோன் தொடங்கியபோதே அதில் இடம்பிடித்தது. கிளாடியோ ஜிரால்டெஸ் 2024 மார்ச்சில் பி அணிப் பயிற்சியாளராக இருந்து நேராக முதல் அணிக்கு உயர்ந்தபோது, அவர் ஏற்கெனவே அறிந்த பையன்களுக்கும் கதவு திறந்தது. மிட்ஃபீல்டர் ஹூகோ சொடெலோ இதே பி அணி வழியாக வந்தவர்.

சிக்கல் வயதில் இருக்கிறது. 23 வயதுக்கு உட்பட்டவர் பி அணி லைசன்ஸை (ஆட்டக்காரர் பதிவை) வைத்துக்கொண்டே முதல் அணிக்கும் ஆடலாம், திரும்பக் கீழே இறங்கியும் ஆடலாம். அந்த வயதைத் தாண்டிவிட்டால் இப்படிப் போய்வர முடியாது. முதல் அணியில் ஓர் இடத்தை அவருக்கென்று ஒதுக்கியாக வேண்டும். பயிற்சியாளருக்கு அவரைப் பிடித்திருக்கலாம், ஆனால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து 27 வயதுக்காரர் ஒருவரை வாங்கலாமா என்ற கேள்வி உடனே வந்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு. முதல் அணி இருக்கும் டிவிஷனில் பி அணி இருக்கக் கூடாது. டிபோர்டிவோ லா கொருன்யா 2020-இல் மூன்றாம் தட்டுக்கு விழுந்தபோது அதன் பி அணியான ஃபப்ரிலுக்கும் தலைக்கு மேல் கூரை இறங்கிவிட்டது, அந்தத் தட்டுக்கு ஏற வழியில்லை. மேலே உள்ளவர்கள் தோற்றதற்குக் கீழே உள்ள பையன்கள் கட்டிய அபராதம் அது.

இந்த வழியில் நான் மதிப்பது வெய்காவை விட ஆலெக்ஸ் பெர்கான்டின்யோஸை. 1985-இல் கொருன்யாவிலேயே பிறந்தவர். ஃபப்ரிலில் ஆரம்பித்தும் முதல் அணியில் இடம் கிடைக்காமல் லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) வெளியே போனார். நிலையான இடம் கிடைத்தது 2011-12 செகுண்டா சீசனில்தான், அதாவது 26 வயதில். அதற்குப் பிறகு கேப்டன். அணி மூன்றாம் தட்டுக்குப் போனபோதும் கூடவே போய் 2023 வரை ஆடினார். பி அணி அவருக்கு ஒரு பெயரைத்தான் கொடுத்தது. ஆட்டக்காரராக ஆனது வெளியே போன வருடங்களில்.

அடுத்து ஊர் கிளப்.

விங்கர் என்றால் மூன்று நிமிட வீடியோ போதும், எந்த நாட்டு ஏஜென்ட்டும் போன் போடுவார். ஹோல்டிங் மிட்ஃபீல்டரின் வேலை அப்படி வீடியோவில் விழாது. எதிரணி டிஃபென்டர் தூக்கி அடித்த பந்து யார் தலையில் பட்டு எங்கே விழும் என்று கணித்து, இரண்டடி முன்பே அங்கே போய் நிற்க வேண்டும். ஃபுல்-பேக் (ஓர டிஃபென்டர்) மேலே ஓடினால் அவர் விட்ட இடத்தைச் சத்தமில்லாமல் மூட வேண்டும். கலிசியத் தலைநகர் சந்தியாகோவில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. ஜனவரியில் புல் மேல் தண்ணீர் நிற்கும், அளந்து கொடுத்த பாஸ் பாதி வழியில் செத்துவிடும். அப்போது ஆட்டமே, இப்படித் தலையில் பட்டு விழும் இரண்டாவது பந்துக்கான சண்டையாக மாறிவிடும். இதில் யார் கெட்டிக்காரர் என்பது வாராவாரம் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் எதிரணிப் பயிற்சியாளருக்கும்தான் தெரியும். ஆகவே இந்த மாதிரி ஆட்டக்காரரின் மதிப்பு உள்ளூரில்தான் கூடும். தூரம் போகப் போகக் குறையும். ஊர் கிளப்பின் பக்கம் நான் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆலெக்ஸ் லோபெஸைப் பாருங்கள். ஃபெரோலில் 1988-இல் பிறந்தவர். செல்டாவுக்குப் போய் 2012-இல் அணி லா லிகாவுக்கு ஏறியதில் பங்கெடுத்தார், அப்புறம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் என்று சுற்றினார். கடைசியில் வந்து சேர்ந்தது சொந்த ஊரின் ராசிங் தெ ஃபெரோலுக்கு. அந்தக் கிளப் 2008-இல் இழந்த செகுண்டா இடத்தை 15 வருடம் கழித்து 2023-இல் மீட்டபோது அவருக்கு 35 வயது. அந்த வயதில் நடுக்களத்தில் ஒருவரை நம்பி வைத்திருக்க, அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்த ஊர் வேண்டும். (ராசிங் 2025-இல் மறுபடியும் இறங்கிவிட்டது. நாற்பதில் நான்கு என்றேனே, ஏறுவது அவ்வளவு கடினம், இறங்குவதற்கு ஒரு மோசமான சீசன் போதும்.)

ஊர் கிளப் என்றால் சின்னது என்று நினைத்துவிட வேண்டாம். ஆக்டபஸ் திருவிழாவுக்குப் பெயர்போன ஓ கர்பலின்யோவில் மொத்தமே 14 ஆயிரம் பேர்தான். அந்த ஊரின் அரென்டெய்ரோ 2023-இல் பிரிமேரா ஃபெடரேசியோனுக்கு ஏறியது. நான்காம் தட்டில் இருந்த பொன்டெவெட்ரா 2025 ஜனவரியில் ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பையான கோபா தெல் ரே ஆட்டத்தில் லா லிகா அணியான மயோர்காவை 3-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. அந்த மாதிரி ஓர் இரவு, ஒரு மிட்ஃபீல்டருக்கு இரண்டு வருடப் பி அணி ஆட்டங்களை விடக் கூடுதல் விளம்பரம்.

ஆபத்து பணத்தில். பெரிய டிவி வருமானம் இல்லாத தட்டு இது. தலைவர் கைவிட்டால் கிளப்பே போய்விடும். 1952 முதல் இருந்த சி.டி. ஒரென்ஸே கடனில் மூழ்கி 2014-இல் மறைந்தே போனது. லா லிகாவில் நான்கு வருடம் ஆடிய கொம்பொஸ்டெலாவும் பண நெருக்கடியில் பல தட்டு கீழே உருண்டது. சம்பள பாக்கி வைத்த கிளப்பைக் கட்டாயமாகக் கீழே இறக்கும் விதி இருக்கிறது. ஆட்டக்காரர் சங்கமான ஆஃபே அதைப் பயன்படுத்தவும் செய்கிறது. ஆனால் வாடகை அதுவரை காத்திருக்காது. பயணமும் லேசில்லை. 2022-23-இல் ஃபெரோலும் ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள அல்ஹெசிராஸும் ஒரே குரூப்பில் இருந்தன. சாலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஒரு வழிக்கு மட்டும்.

மூன்றாவது வழி வெளிநாடு. பணம் பொதுவாக இங்கேதான் அதிகம், சீசன் சில இடங்களில் குறுகியது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது. ஒரென்ஸேக்காரரான போர்ஹா ஃபெர்னாண்டஸ் அந்த முதல் கோப்பையை அட்லெடிகோ தெ கொல்கத்தாவுடன் வென்றுவிட்டு, ஜனவரியில் ஐபாருக்காக லா லிகா ஆடப் போனார். ஆனால் அவர் ரியல் மாட்ரிட் வரை போய் வந்த 33 வயதுக்காரர். பெயர் முன்னாலேயே போய்விட்டது, அவர் பின்னால் போனார்.

நம் கதைக்கு நெருக்கமானவர் டோனி டோவாலே. கொருன்யாவில் 1990-இல் பிறந்தவர், பார்சிலோனா அகாடமி, செல்டா, அப்புறம் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி. 2017-18-இல் பெங்களூரு எஃப்.சி.யில் இருந்தார். அந்த சீசனின் இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தியது நம்ம சென்னையின் எஃப்.சி. என்பது பலருக்கு நினைவிருக்கும். டோவாலே தாக்குதல் பக்கம் ஆடுபவர் என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டுக் கிளப்புகள் தேடுவது பெரும்பாலும் இவர் மாதிரி ஆட்களை. ஆனால் ஆடிக்கொண்டே அவர் மருந்தியல் பட்டமும் வாங்கியிருந்தார். 2020-இல் கொரோனாவால் கால்பந்து உலகமே நின்றபோது கொருன்யாவில் ஒரு பார்மசி கவுன்டருக்குப் பின்னால் நின்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற பலர் வீட்டில் உட்கார்ந்து ஏஜென்ட்டின் போனுக்குக் காத்திருந்த காலம் அது. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் எவ்வளவு உறுதியானவை என்பதற்கு 2025 ஜூலை இன்னொரு சாட்சி. ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த மூன்றையும் தவிர, தெர்செராவில் ஆடிக்கொண்டு வேலைக்கும் போவது நான்காவது வழி. குரூப் முழுக்கக் கலிசியாவுக்குள்ளேயே இருப்பதால் ஞாயிறு இரவே வீட்டுக்கு வந்துவிடலாம், பயிற்சி பெரும்பாலும் மாலையில். மேலே ஏற வேண்டும் என்ற ஆசை இருக்கும் 22 வயதுக்காரருக்கு இது சீக்கிரம். முப்பது தாண்டியவருக்கு, குறிப்பாகப் பயிற்சியாளர் படிப்பு படிப்பவருக்கு, இது மோசமில்லை. மேலே சொன்ன ஜிரால்டெஸே பெரிய மைதானங்களில் ஆடியவர் இல்லை, கலிசியாவின் கீழ்த்தட்டுக் கிளப்புகளில் ஆடியவர்தான். 2024-25-இல் அவர் செல்டாவை ஐரோப்பா லீக் வரை கொண்டுபோனார்.

என் தேர்வு இப்படி: 21 வரை பி அணி, சரி. 22-இல் முதல் அணிப் பயிற்சிக்கு அழைப்பு வரவில்லை என்றால் 23-க்காகக் காத்திருக்காமல் ஊர் கிளப்புக்குப் போய்விட வேண்டும். லைசன்ஸ் விஷயத்தில் இளையவர் என்ற சலுகை கையில் இருக்கும்போதே போனால் பேரம் பேசலாம். பிரிமேரா ஃபெடரேசியோனில் பெஞ்ச், செகுண்டா ஃபெடரேசியோனில் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் பதினொன்றில் இடம் என்று இரண்டு அழைப்பு வந்தால் ஹோல்டிங் மிட்ஃபீல்டர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். விங்கருக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். வெளிநாடு 28-க்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், தாக்குதல் மிட்ஃபீல்டர் என்றால் கொஞ்சம் முன்னதாக. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேளுங்கள்: அணி மேலே ஏறினால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளுமா, போன சீசனின் ஜூன் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது. இரண்டாவதைக் கிளப் அலுவலகத்தில் கேட்பதை விட அங்கே போன வருடம் ஆடியவரிடம் கேட்பது நல்லது.