மரமா, ஈயமா, கரண்டியா? கொழும்பில் சொந்தமாக லூர் செய்ய எது தோது

வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டி, கடலோரப் பாறைகளில் நின்று தூண்டில் எறிகிற எல்லோருக்கும் இது தெரியும்: அங்கே லூரை, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையை, பறிப்பது பெரும்பாலும் மீன் அல்ல, கல். ஒரே மாலையில் மூன்று லூர்களைக் கல்லிடுக்கில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மூன்றும் கடையில் வாங்கியவை. 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு ஒவ்வொரு இழப்பும் கையைச் சுட்டது. அப்போதுதான் நானே செய்யத் தொடங்கினேன்.

நாலு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்: கரண்டியை வெட்டுவது, ஈயம் வார்ப்பது, மரத்தில் செதுக்குவது, மென்பிளாஸ்டிக் ஊற்றுவது. எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எங்கே எறியப் போகிறீர்கள்? எந்த வீட்டில் வைத்துச் செய்யப் போகிறீர்கள்? மீன் எதைக் கடிக்கும் என்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் நாலையுமே மீன் கடிக்கிறது.

பாறைக்கு என்றால் கரண்டிதான். அமெரிக்காவில் ஜூலியோ புயெல் என்பவர் கரண்டி லூருக்குக் காப்புரிமை வாங்கியது 1852-இல். அவர் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கை தவறி விழுந்த கரண்டியை மீன் பாய்ந்து கவ்வியதாகக் கதை. கதை எப்படியோ, அது வேலை செய்யும் விதம் இன்றும் அதேதான். குழிந்த தகடு தண்ணீரில் இழுபடும்போது நேராகப் போக முடியாமல் இரண்டு பக்கமும் ஆடுகிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. எவர்சில்வர் சாப்பாட்டுக் கரண்டி ஒன்றின் காம்பை வெட்டி, முனைகளை அரத்தால் தேய்த்து, இரண்டு துளை போட்டு, வளையமும் முள்ளும் மாட்டினால் வேலை முடிந்தது. ட்ரில்லை மெதுவாக ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அழுத்தித் துளைக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் எவர்சில்வர் சூடேறி இறுகிப்போகும்; அப்புறம் துளைக்கும் கம்பிதான் மொட்டையாகும். வெட்டிய காம்பையும் எறிந்துவிடாதீர்கள். அதன் இரண்டு முனையிலும் துளை போட்டால் ஒல்லியான இன்னொரு லூர், அதுவும் கரண்டித் தலையைவிடக் காற்றைக் கிழித்துப் போகும். குறை என்னவென்றால் எடை. தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது கரண்டித் தலை பட்டம் மாதிரி மிதந்து காலடியிலேயே விழும்.

அந்தக் காற்றை மீற ஈயம் வேண்டும். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 11 மடங்குக்கும் மேல். ஆகவே விரலளவு துண்டு கூடத் தூரம் போகும், வேகமாக இறங்கும். காக்கைத்தீவுப் பக்கம் களனி கங்கை கடலோடு சேருகிற இடத்தில், நீரோட்டத்துக்கு அடியில் லூரைக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகுகிறது; ஒரு சாதாரண கேஸ் அடுப்புக்கு அது பெரிய சூடு இல்லை. அந்தச் சுலபம்தான் ஆபத்தும்.

அச்சுக்கு நான் பயன்படுத்துவது கணவாய் ஓடு. நகைத் தொழிலில் உள்ள பழைய முறை இது. கடற்கரையில் ஒதுங்குகிற பெரிய ஓடுகள் இரண்டை எடுத்து, மென்மையான பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்து, நடுவில் மரத்தில் செதுக்கிய மாதிரியை வைத்து இரண்டையும் சேர்த்து அமுக்கினால் அதன் வடிவம் அப்படியே பதிந்துவிடும். மேலே ஊற்றுவதற்கு ஒரு வாய், காற்று போக இரண்டு மெல்லிய கீறல், கம்பி வைக்க ஒரு கோடு. கம்பியால் இறுகக் கட்டி ஊற்றினால் ஓடு கருகும் நாற்றம் வரும், உள்ளே ஓட்டின் வரிகள் பதிந்த ஈய மீன் இருக்கும். அந்த வரிகளே செதில் மாதிரி மினுங்கும். ஓர் அச்சு ஒன்றிரண்டு தடவைக்குத்தான் தாங்கும். ஓடு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் அது நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெளிக்கும். கண்ணாடி, தோல் கையுறை, சப்பாத்து, முழுக்கைச் சட்டை ஆகிய நாலும் இல்லாமல் நான் சட்டியைத் தொடுவதில்லை.

தொடர்மாடி வீட்டில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் வத்தளையில் மாமா வீட்டு முற்றத்துக்குப் போய்த்தான் வார்க்கிறேன். முதல் நாள் மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தம்பி, அந்தச் சட்டி என்ர குசினிக்குள்ள ஒருநாளும் வரக்கூடாது." "வராது மாமி" என்றேன். இன்றுவரை வரவில்லை. ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. தூசும் கசடும் கையில், துணியில், தரையில் ஒட்டிக்கொண்டு வரும். ஈயத்துக்கு வாகன டயர் கடைகளில் கழிக்கிற எடைக்கட்டிகளைக் கேட்டு வாங்கலாம். பழைய பற்றரியை உடைத்து எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் அமிலமும் வேறு நஞ்சுகளும் சேர்ந்திருக்கும். வார்த்த லூருக்குக் கட்டாயம் பூச்சு பூசுங்கள். அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்பதற்காகவே பிரித்தானியா 1987-இல் சிறிய தூண்டில் ஈயங்களைத் தடை செய்தது. கல்லில் சிக்கி அறுந்துபோவது நம் கடலிலேயே கிடக்கப்போகிறது என்ற நினைப்பு வார்ப்பவருக்கு இருக்க வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும், நஞ்சும் குறைவு. விலைதான் அதிகம், அதே அளவுக்கு எடையும் குறைவு.

இனி மரம். என் மாலை நேரங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது இதுதான், இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நீளும்.

மொறட்டுவையில் தளபாடப் பட்டறைகள் நிறைந்த தெருக்களில் போய்க் கேட்டால் மஹோகனி, தேக்குத் துண்டுகள் கிடைக்கும். இவை லூருக்குக் கொஞ்சம் கனம். ஆனால் அந்தக் கனமே கடலுக்கு நல்லது: 12 சென்டிமீற்றர் நீளத்தில், முகத்தைக் குழித்து, வாலில் சிறிது எடை வைத்த பொப்பர் (நீர்மட்டத்தில் சத்தமிட்டு வரும் லூர்) ஒன்று மஹோகனியில் நன்றாக எறிபடும், இழுக்கும்போது 'பொளக்' என்று தண்ணீரை உதைக்கும் சத்தத்துக்குப் பாரை மீன் வந்து அடிக்கும். லூரை ஆழத்துக்கு இழுக்கும் முகத் தகடு இதில் இல்லாததால் முதன்முதலாகச் செதுக்குகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம். பொல்கொடை வாவியில் கொடுவா மீனுக்குச் சின்ன மீன் வடிவ லூர் வேண்டுமென்றால் லேசான மரம் தேவை. பல்சா கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்கும் கதுறு மரம் இருக்கிறது. லேசு, கத்திக்கு வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுக்கும். 1936-இல் பின்லாந்தில் லவுரி ரபாலா தன் முதல் லூரைத் தக்கையில்தான் செதுக்கினார். மேலே தகரத்தாள் சுற்றி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். கையில் உள்ளதை வைத்துச் செய்கிற வேலை இது, அன்றும் இன்றும்.

உடம்பு செதுக்குவது சுலபமான பாதி. வயிற்றுப் பக்கமாக நீளவாட்டில் ஒரு கீறல் அறுத்து, மூக்கிலிருந்து வால் வரை ஒரே எவர்சில்வர் கம்பியை ஓடவிடுங்கள், நடுவில் வயிற்று முள்ளுக்கு ஒரு வளைவு. மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். எடைத்துண்டு வயிற்றின் அடியில், நடுவுக்குச் சற்று முன்னால். எப்பொக்சிப் பசையால் மூடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முதுகு மேலே இருக்க வேண்டும், விரலால் சாய்த்தால் உடனே நிமிர வேண்டும். சாய்ந்தே கிடந்தால் எடையைக் கீழே இறக்குங்கள். முகத் தகட்டின் சரிவுதான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது: செங்குத்தாக நின்றால் மேல்மட்டத்தில் அகலமாக ஆடும், உடம்போடு நேர்க்கோட்டுக்கு வர வர ஆழம் போகும். தகடு மயிரிழை கோணினாலும் லூர் ஒரு பக்கமாக ஓடும். இடப்பக்கம் ஓடினால் மூக்குக் கம்பியைக் குறட்டால் வலப்பக்கம் இம்மியளவு வளையுங்கள். பழைய பொல்கொடைப் படகுத்துறை ஒன்றில் நின்று, ஐந்தாவது இழுப்பில் என் லூர் முதன்முதலாக நேராக வந்தபோது என் நெஞ்சு படபடத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மரம் ஈரம் குடித்தால் ஊதி வெடிக்கும். அதனால் தளபாடத்துக்குப் பூசும் சீலரில் மூன்று முறை தோய்த்துக் காயவிடுகிறேன். நிறம் அடிக்கும்போது பழைய நுளம்புவலைத் துண்டை இறுகச் சுற்றி அதன் மேல் ஸ்பிரே அடியுங்கள். வலையை எடுத்தால் செதில் செதிலாக இருக்கும். கடைசி எப்பொக்சிப் பூச்சு ஒரு பக்கம் வழியாமல் இருக்கப் பழைய மைக்ரோவேவில் தட்டைச் சுழற்றும் மோட்டார் போதும், நிமிடத்துக்கு 5, 6 சுற்றுதான். மழை இரவில் பூசாதீர்கள், கொழும்பு ஈரக்காற்றில் பூச்சு பால் மாதிரி வெளிறிவிடும்.

ஒரு மர லூருக்கு எனக்கு நாலு மாலை போகிறது. கரண்டிக்கு அரை மணித்தியாலம். ஆகவே வெள்ளவத்தைப் பாறையில் மர லூரை நான் எறிவதில்லை. மரத்துக்குப் பொல்கொடை, கல்லுக்குக் கரண்டி, ஆற்று வாய்க்கு ஈயம். வீட்டுப் பக்கம் பார்த்தால் மரம்தான் தொடர்மாடிக்கு ஏற்றது. பல்கனியில் ஒரு பலகை, கத்தி, சாண்ட் பேப்பர், தூசுக்கு முகக்கவசம் போதும். கரண்டிக்கு ட்ரில் சத்தத்தைப் பக்கத்து வீட்டார் பொறுக்க வேண்டும்.

மென்பிளாஸ்டிக்கை நான் இரண்டு தடவை ஊற்றினேன், நிறுத்திவிட்டேன். 175 பாகை அளவில் சூடாக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் கருகித் தொண்டையை அறுக்கிற புகை வரும். மீன் நன்றாகத்தான் கடித்தது. ஆனால் கிழிந்து போவதெல்லாம் தண்ணீரில் தங்குகிறது. 2021-இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,600 தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் மணிகள் கடலுக்குப் போயின. கரையில் அவற்றை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்த பிறகு, என் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்க மனம் வரவில்லை.

முள்ளும் வளையமும் மட்டும் நாலு வழிக்கும் கடைச் சரக்குதான். அங்கே காசு பார்க்காதீர்கள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய மும்முள் ஒன்றை என் முதல் மஹோகனி பொப்பரில் மாட்டியிருந்தேன். பாரை அடித்து ஒரே ஓட்டம் ஓடியது, பிறகு தங்கூசி தளர்ந்தது. இழுத்தெடுத்தபோது பொப்பரில் பல் பட்ட கீறல்கள், முள்ளின் மூன்று கையும் நேராகியிருந்தன.