மெயில் பெட்டியை ஹோஸ்டிங் மாற்ற எது தோது: தண்டர்பேர்டா, சிபேனல் பேக்கப்பா, ஐமேப்சிங்க்கா?

சிவகாசியில் அச்சகம் நடத்தும் நண்பருக்குப் போன வருடம் ஹோஸ்டிங் (இணையதளத்தையும் மெயிலையும் வைத்திருக்கும் வாடகை இடம்) மாற்ற வேண்டி வந்தது. 8 மெயில் கணக்குகள், மொத்தம் 14 ஜிபி. அச்சக மெயில் என்றால் தெரியுமே, ஒவ்வொன்றிலும் பத்து, இருபது எம்பிக்கு ஒரு பிடிஎஃப் தொங்கும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் குவிய ஆரம்பித்துவிடும், அதற்குள் முடித்துக் கொடு என்றார். இணையதளம் அரை நாளில் இடம் மாறிவிட்டது. மெயில்தான் இழுத்தடித்தது.

எந்த வழி என்று யோசிக்கும் முன் மெயில் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஐமேப் முறையில் வைத்திருந்தால் எல்லாம் சர்வரிலேயே இருக்கும். பாப்3 என்றால், இறக்கிய கையோடு சர்வரிலிருந்து அழித்திருக்க வாய்ப்புண்டு. மெயில் முழுவதும் அந்த ஒரே கணினியில்தான். நண்பரின் கணக்குப் பிரிவில் ஒரு பழைய கணினி அப்படித்தான் இருந்தது. அதற்கு சிபேனலும் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) உதவாது, ஐமேப்சிங்க்கும் (ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மெயிலை நகலெடுக்கும் கருவி) உதவாது. சர்வரில் எடுக்க ஒன்றும் இல்லையே.

அங்கே கைகொடுத்தது தண்டர்பேர்ட் என்ற, கணினியில் நிறுவும் மெயில் மென்பொருள். பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒரே ஜன்னலில் தெரியும். மெயில்களைத் தேர்ந்தெடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகல் எடுத்தால் போதும். காசு இல்லை, கட்டளை எதுவும் தட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மெயிலும் நம் கணினி வழியாகத்தான் புது சர்வருக்கு ஏற வேண்டும். அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 14 ஜிபிக்குக் கணக்குப்படியே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் இன்னும் இழுக்கும். இதை விடப் பெரிய தொல்லை, பாதியில் கரண்ட் போனால் எதுவரை போனது என்று சரியாகத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து நகல் எடுத்தால் ஏற்கெனவே போனவை இரண்டிரண்டாக நிற்கும். ஓரிரு கணக்கு, ஒன்றிரண்டு ஜிபி என்றால் தண்டர்பேர்டே போதும். அதற்கு மேல் நான் தொடமாட்டேன்.

சிபேனல் பேக்கப் சுத்தமான வழி, இரண்டு பக்கமும் சிபேனலாக இருந்தால். முழு பேக்கப்பில் மெயில்கள், பாஸ்வேர்டு, ஃபார்வேர்டர் (மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது), ஃபில்டர் (மெயிலைத் தானாக ஃபோல்டர்களில் பிரிப்பது) எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். யாரிடமும் பாஸ்வேர்டு கேட்டு அலைய வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. அதைப் புது இடத்தில் விரித்துப் போடுவது பெரும்பாலும் ஹோஸ்டிங்காரர்கள் கையில்தான் இருக்கும், டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம், பேக்கப் எடுத்த நிமிடத்துக்குப் பிறகு பழைய சர்வருக்கு வந்த மெயில் அதில் இருக்காது. நண்பர் போன இடத்தில் சிபேனலே இல்லை என்பதால் அந்தக் கோப்பைப் பாதுகாப்புக்காக மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

ஐமேப்சிங்க் என்பது ஜீல் லாமிரால் என்ற பிரெஞ்சுக்காரர் 2001 முதல் பெர்ல் மொழியில் எழுதிவரும் கருவி. கருப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் மிரட்டலாக இருக்கும். எல்லோருடைய பாஸ்வேர்டும் வேண்டும். பாதிப் பேருக்கு அது நினைவில் இருக்காது. இருந்தும் நான் இதைத்தான் சொல்வேன். காரணம், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். இரண்டு சர்வர்களிலும் உள்ள மெயில்களின் தலைப்பு வரிகளை ஒப்பிட்டு, அங்கே இல்லாததை மட்டும் அனுப்புகிறது. சனிக்கிழமை ராத்திரி முதல் ஓட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது; செவ்வாய்க்கிழமை மறுபடி ஓட்டியபோது சில நிமிடங்களில் முடிந்தது. படித்தது, படிக்காதது என்ற குறிகளும் வந்த தேதியும் அப்படியே இருக்கும். வாடகை சர்வர் ஒன்றில் வைத்து ஓட்டினால் வீட்டு பிராட்பேண்டையும் தொடாது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் யாராவது ஒரு மெயிலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் அது இரண்டு இடத்திலும் நிற்கும். அனுப்பிய மெயில்களின் ஃபோல்டருக்கு ஒரு சர்வரில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். இவற்றைத் தானே பொருத்தும் 'ஆட்டோமேப்' விருப்பத்தைப் போடாவிட்டால் இரண்டு தனித்தனி ஃபோல்டர் வந்துவிடலாம். போகும் இடம் ஜிமெயில் என்றால் ஐமேப் வழி ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்றலாம் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. 5 ஜிபி பெட்டிக்குப் பத்து நாள்! அங்கே கூகுள் வொர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கும் இடமாற்றக் கருவிதான் சரி.

எந்த வழியானாலும் ஆளைக் கவிழ்ப்பது எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றும் நாள். முந்தைய நாளே டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். மெயில் சர்வரின் பெயர் உங்கள் டொமைனை ஒட்டியதாக இருந்தால், டிஎன்எஸ் (பெயரை சர்வரின் ஐபி எண்ணோடு இணைக்கும் பட்டியல்) மாறியதும் அதே பெயர் புது சர்வரைக் காட்டும். போனில் இருக்கும் மெயில் ஆப் அங்கே காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் இருந்ததையும் காலி செய்யும். "மெயில் எல்லாம் போச்சுண்ணே" என்று அழைப்பு வருவது இப்படித்தான். அதனால் முதல் ஓட்டம் முடியாமல் எம்எக்ஸைத் தொடக் கூடாது. கடைசி ஓட்டத்தில் பழைய சர்வரை டொமைன் பெயரால் கூப்பிடாமல் அதன் ஐபி எண்ணால் கூப்பிட வேண்டும்.

பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருந்தோம். வீண் செலவு என்று நண்பர் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம் கணக்குப் பிரிவிலிருந்து போன்: வங்கி மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போகாமல் இன்பாக்ஸிலேயே கிடக்கின்றனவாம். ஐமேப்சிங்க் மெயிலைத்தான் கொண்டுவரும், ஃபில்டரைக் கொண்டுவராது. பழைய சிபேனலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதிதாக எழுதினோம்.