முதல் பயோனெட் எது: கிராவா, 1907-ஆ, 84/98-ஆ?

பழைய ராணுவ பயோனெட்டுகளை, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகளை, சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள்: பிரான்ஸின் 1874 கிரா, பிரிட்டனின் 1907, ஜெர்மனியின் 84/98. மூன்றுமே ஏராளமாகச் செய்யப்பட்டவை. ஏலங்களிலும் மற்ற சேகரிப்பாளர்களிடமும் இன்றும் கிடைக்கின்றன. எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டால் பலர் அழகைச் சொல்வார்கள், சிலர் விலையைச் சொல்வார்கள். நான் பார்ப்பது இரண்டே விஷயம். அந்தக் கத்தி தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறது? சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

நம்பகத்தில் கிராவை அடித்துக்கொள்ள முடியாது. 52 செ.மீ. நீள அலகு, முதுகுப்பக்கம் பட்டையாக இருக்கும். எந்த ஆயுதசாலை, எந்த மாதம், எந்த வருடம் என்பதை அந்த முதுகில் சாய்வான கையெழுத்துப் பாணியில் செதுக்கியிருப்பார்கள். சேன் எத்தியென், ஷாத்தெல்ரோ, தூல் ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். அலகுக்கும் பிடிக்கும் நடுவே குறுக்காக இருக்கும் கைக்காப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதே எண் உறையிலும் இருந்தால் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஜோடி. பித்தளைத் தலையும் மரப்பிடியும் பார்க்கவும் லட்சணம். விலை குறைவு என்பதால் போலி செய்பவருக்கு இதில் பெரிய லாபமும் இல்லை. குறை என்று சொன்னால், பிறந்த கதையை இவ்வளவு விவரமாகச் சொல்லும் கத்தி, அதன் பிறகு எங்கே போனது, யாரிடம் இருந்தது என்பதை அநேகமாகச் சொல்வதில்லை.

அந்தக் கதை வேண்டுமென்றால் 1907-க்குத்தான் வர வேண்டும். என் மனசு சாய்வதும் இதன் பக்கம்தான். லீ என்ஃபீல்டு துப்பாக்கியைக் குட்டையாக்கியதும், எதிராளியின் துப்பாக்கி நீளத்துக்கு நம் கை எட்டாமல் போய்விடுமோ என்ற கவலை பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. 12 அங்குலமாக இருந்த அலகை 17 அங்குலமாக நீட்டினார்கள். ஜப்பானின் டைப் 30 தான் முன்மாதிரி. அதைப் போலவே கைக்காப்பில் கொக்கியும் வைத்து, 1913-இல் அதை வேண்டாம் என்று விட்டார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தவை பழுதுபார்க்க வந்தபோது, பலவற்றில் கொக்கியை அறுத்தும் எடுத்தார்கள்.

இதன் முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொள்வதே தனி சுகம். கைப்பிடியை ஒட்டிய தட்டையான பகுதியில் ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழ் மன்னரின் முதலெழுத்துகள், அப்புறம் 1907. புதிதாக வருபவர்கள் அதைத் தயாரித்த வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது அந்த மாதிரிக்கான வருடம். அதற்குக் கீழே சின்னதாக 8, 17 என்று இருந்தால், செய்தது 1917 ஆகஸ்ட். அடியில் வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல் என்று தயாரிப்பாளர் பெயர். மறுபக்கம் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி, அலகை வளைத்துப் பார்த்துத் தேறியதற்கான பெருக்கல் குறி, பரிசோதகர்களின் முத்திரைகள். சிலவற்றில் சரிசெய்து மறுபடி விநியோகித்த வருடமும் கைப்பிடித் தலையில் படைப்பிரிவின் குறியும் இருக்கும். சேறு வெளியேற அந்தத் தலையில் துளை போடும் வழக்கம் 1916-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் இந்தியாவின் இஷாப்பூரிலும் செய்தவை தனிக் கிளை. அவற்றை மட்டுமே சேர்ப்பவர்களும் உண்டு.

ஆனால் கொக்கி விஷயத்தில் உஷாராக இருங்கள். கொக்கியோடு தப்பியவை அரிது, அதனால் விலை பல மடங்கு. சாதாரண 1907-இல் கொக்கியைப் பற்றவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் உலோகத்தின் நிறம் மாறியிருக்கலாம், அரம் ஓடிய கோடுகள் தெரியலாம். 1917 தேதியிட்ட பிரிட்டிஷ் அலகில் கொக்கி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விலகிவிடுங்கள்.

84/98-இன் வேலைப்பாட்டில் நான் குறை சொல்ல மாட்டேன். 25 செ.மீ. அலகு, கருநீலப் பூச்சு, மரத்தில் அல்லது பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிடி. அடையாளங்களும் நிறைய: தயாரிப்பாளரின் பெயர் அல்லது குறியீடு, வருடம், அலகிலும் உறையிலும் வரிசை எண், கழுகு முத்திரை. சிக்கல் அந்த எண்களில்தான் இருக்கிறது. இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் விலை எகிறும். அதனாலேயே வேறு உறையைத் தேடி, பழைய எண்ணைத் தேய்த்துப் புதிதாக அடிக்கும் வேலை நடக்கிறது. அணிவகுப்புக்கான அலங்கார பயோனெட்டுகளில் நாஜிச் சின்னங்களைப் பிற்பாடு பொறித்து ஏற்றிவிடுவதும் உண்டு. ஜெர்மனியில் அந்தச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதே, சில விலக்குகள் தவிர, குற்றம். நூறு அசலைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இது நல்ல களம். முதல் கத்தியாக இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பில் கிராவுக்கும் 84/98-க்கும் உலோக உறை, பெரிய தொல்லை இல்லை. ஆனால் கிராவின் பித்தளையைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். நூறு வருடத்துக்கு மேல் படிந்த பழுப்பு நிறம் ஒரே மதியத்தில் போய்விடும், அதோடு மதிப்பும் போய்விடும். 1907-க்குத் தோல் உறை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் இரும்புக்கு ஆகாது. அலகை வெளியே எடுத்து, மெல்ல எண்ணெய் தடவி, உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். எதையும் சாணை பிடிக்காதீர்கள். போருக்குப் போகும்போது தீட்டிய தடம் 1907-இல் இருக்கலாம். அது அந்தக் கத்தியின் வரலாறு. நாம் தீட்டுவது வெறும் சேதம்.

எதை வாங்கினாலும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, விற்பவரிடம் படங்கள் கேளுங்கள். கிராவுக்கு முதுகு எழுத்தும் இரண்டு எண்களும் போதும். 1907-க்கு அலகின் இரு பக்கமும், கைக்காப்பின் இரு முனைகளும், உறையின் தையலும் வேண்டும். 84/98-க்கு எண்கள் மட்டும் போதாது, எண்ணைச் சுற்றியுள்ள பூச்சு தெரியும்படி கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். தர மறுத்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள், இன்னொன்று வரும்.