148 வெள்ளி கார்டும் மூன்று மில்லிசெகண்டும்

பினாங்கில் கொம்தார் பக்கம் ஒரு கடையில் நான்கு போர்ட் சீரியல் கார்டு (வெளிக் கருவிகளிலிருந்து எழுத்து எழுத்தாகத் தகவல் வாங்கக் கம்ப்யூட்டரில் செருகுவது) வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. விலை 148 வெள்ளி (ரிங்கிட்). பாயான் லெப்பாசில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் போர்டு சோதிக்கும் மேசைக்காக வாங்கியது. கார்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கூடவே வந்த லினக்ஸ் டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒன்றுதான், அதுவும் சோர்ஸ் கோடு வைத்திருந்த புண்ணியத்துக்கு.

கடையிலிருந்த தம்பி நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. பட்டறையில் 115200-க்கு ஏற்றியதும் நொடிக்கு ஒரு முறை, வந்த எழுத்துகளின் பதிவில் ஒரு துண்டு காணாமல் போனது. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 18 எழுத்து. கேபிளை மாற்றினேன், எர்த் பார்த்தேன், வீணாக ஒரு சனிக்கிழமை போயிற்று.

அப்புறம்தான் லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள இர்க்ஸ்ஆஃப் டிரேசரைப் போட்டேன். இன்டரப்ட், அதாவது ‘எழுத்து வந்திருக்கிறது, கவனி’ என்று கார்டு பிராசஸரை அழைப்பது, எவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடக்கிறது என்று அளப்பது அது. 3000 மைக்ரோசெகண்டுக்கு மேல் காட்டியது. பெயரும் இந்த டிரைவருடையதுதான். கோடைத் திறந்தால், நொடிக்கொரு முறை லைன் நிலையைப் பார்க்கும் ஃபங்ஷன். இன்டரப்டை அடைத்து ஸ்பின்லாக்கைப் பிடிக்கிறது (ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்கலாம், மற்றவர் சுற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டிய பூட்டு), லாக்கை விடாமல் எம்டிலே என்ற தாமதக் கட்டளையைப் போட்டு மூன்று மில்லிசெகண்ட் சும்மா சுற்றுகிறது!

115200-இல் ஓர் எழுத்து வர 87 மைக்ரோசெகண்ட். மூன்று மில்லிசெகண்டில் 34 எழுத்து வந்துவிடும். வந்த எழுத்துகள் காத்திருக்கும் கார்டின் ஃபிஃபோவில் இடம் 16-க்குத்தான். மிச்சம் 18 எங்கே போகும்? 9600-இல் அதே நேரத்தில் மூன்று எழுத்துகூட முழுதாக வராது, அதனால்தான் கடையில் எல்லாம் சுத்தமாக ஓடியது.

கார்டின் இன்டரப்டை பிராசஸரின் வேறு கோருக்குத் தள்ளியும் பார்த்தேன். பலனில்லை. அடைப்பு ஒரு கோரில் மட்டும்தான் என்றாலும், அடுத்த கோரில் இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர் வந்து அதே லாக்குக்குக் காத்து நிற்கிறது. சரி, இன்டரப்டை அடைக்காமல் வெறும் லாக் மட்டும் பிடித்தால்? அது இன்னும் மோசம். லாக் கையில் இருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்த லாக்கையே கேட்டுச் சுற்றும். லாக்கை விட வேண்டிய வேலையோ அதன் அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோர் அத்தோடு தொங்கிவிடும். ஆக, டிரைவர் எழுதியவர் அடைத்தது சரி. அடைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்ததுதான் தப்பு. மாமாக் கடையில் ஆர்டர் எடுக்க வருபவர், ரொட்டி சானாய் வேகும்வரை நம் மேசையிலேயே நின்றால் மற்ற மேசைகள் என்னாகும்?

தாமதத்தை லாக்குக்கு வெளியே தூக்கி, எம்டிலேயை எம்ஸ்லீப் ஆக்கினேன்; இது சும்மா சுற்றாமல், கோரை மற்ற வேலைக்கு விட்டுத் தூங்கும். லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது, வெளியே வந்தபின் தாராளமாகத் தூங்கலாம். கார்டின் ரெஜிஸ்டரை (அதனுள் இருக்கும் சின்ன நினைவிடம்) எழுத ஒரு முறை, படிக்க ஒரு முறை என்று இரண்டு சின்ன அடைப்புகள் போதும். மொத்தம் ஆறு வரி மாற்றம். மூன்று நாள் தொடர்ந்து ஓட்டியும், இடமின்றித் தொலைந்த எழுத்தைக் காட்டும் ஓவர்ரன் கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கிறது.

கார்டின் பின்தகடு கொஞ்சம் வளைந்திருந்தது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “சாஃப்ட்வேருக்கு வாரண்டி இல்லண்ணே” என்றார் தம்பி. திருத்திய ஃபைலை அவர் பென்டிரைவிலேயே போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு கார்டு வாங்கி வந்தேன். 140-க்குக் கொடுத்தார்.