இருட்டு அரங்கில் 85 மி.மீ.: சில வருடப் பயன்பாடு

கேனான் 80டி கேமராவில் ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் போட்டுத்தான் உள்ளரங்கப் போட்டிகளை எடுக்கிறேன். பாளையங்கோட்டையில் ஷட்டில், வள்ளியூர், அம்பை பக்கம் மேட் கபடி. "இதுக்கு 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் வேண்டாமா அண்ணாச்சி?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது; அந்த ஜூமின் எஃப்/2.8-ஐவிட எஃப்/1.8-இல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நம்மூர் அரங்குகளில் அந்த வித்தியாசம்தான் சோறு போடுகிறது.

ஷட்டர் வேகம் 1/800 நொடிக்குக் கீழே இறங்குவதில்லை. ஒளி உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும்; ஏறட்டும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) நாய்ஸை, அதாவது புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், அசைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ளாஷ் பேச்சே வேண்டாம். ஆடுகிறவர் கண் கூசினால் நடுவர் நம்மை வெளியே அனுப்புவார், நியாயம்தான்.

இருட்டைவிடப் பெரிய தலைவலி விளக்குகள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய ட்யூப் லைட்டும் மெட்டல் ஹாலைடும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. வரிசையாக ஏழெட்டுப் படம் தட்டிப் பாருங்கள்: ஒன்று பளிச்சென்று, அடுத்தது மங்கலாக, இன்னொன்றில் பாதி மட்டும் பழுப்பேறி இருக்கும். 80டி-யின் ஆன்டி ஃப்ளிக்கர், விளக்கு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கிறது. நொடிக்கு 7 படம் என்ற வேகம் கொஞ்சம் குறையும். ஆனாலும் நான் அதை அணைப்பதே இல்லை. எல்.இ.டி.க்கு மாறிய அரங்குகளில் மட்டும் இதன் உதவி அப்படி இப்படித்தான்.

லென்ஸ் 1992-இல் வந்தது. முழுதாகத் திறந்தால் வெள்ளை ஜெர்சி ஓரத்தில் ஊதா படிவது ஊரறிந்த விஷயம், எஃப்/2.2 வைத்தால் நன்றாகக் குறையும். ஷட்டிலில் வலை குறுக்கே வந்தால் ஃபோகஸ் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரே புள்ளியை வைத்து, ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிவிட்டேன்.

80டி-யின் சிறிய கிராப் சென்சாரில் இது, முழு அளவு சென்சாரில் 136 மி.மீ. லென்ஸ் போலப் பார்க்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் பத்து மீட்டரில் சுமார் இரண்டரை மீட்டர் உயரம் அடங்கும். ஸ்மாஷுக்கு ராக்கெட்டோடு ஆள் முழுதாக வருவார். கபடியில் பாடி வருகிறவரைப் பிடித்து நம் பக்கமே சாய்த்தால் படத்தில் கால் வெட்டுப்படும். அதற்கு 50 மி.மீ. தனியாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைதான் பயம். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். இதுவரை கண்ணாடி சுத்தம்.